எந்தச் சேவலை விட்டுவைப்பது?

கோழி வளர்ப்பு என்றதும் நாம் பெட்டைக்கோழிகளைப் பற்றியே பேசுகிறோம். எத்தனை முட்டை இட்டது, எத்தனை நாள் அடை கிடந்தது, குஞ்சுகளில் எத்தனை தப்பியது என்று கணக்குப் பார்க்கிறோம். பயிற்சி வகுப்புகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் சேவலுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி: பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். எந்தச் சேவல் என்பதை எவரும் சொல்வதில்லை. ஆனால் கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று விசாரித்தால், கோழி வளர்ப்பைக் கைவிட்ட குடும்பங்களுள் சில நோயையோ கீரியையோ காரணம் காட்டுவதில்லை. "சேவல் புள்ளைய கொத்திருச்சு பாதர், அதான் எல்லாத்தையும் வித்துட்டோம்" என்கிறார்கள். ஒரு சேவலின் குணத்தால் ஒரு வீட்டின் முட்டையே நின்றுபோகிறது.

இது சிறிய விடயமன்று. 2016 ஆம் ஆண்டு நடத்தப்பட்ட சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி, பெருந்தோட்டத் துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 32 பேரளவில் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். முழு நாட்டுக்கும் அத்தொகை 17 மட்டுமே. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் கோழித் தீவனம் கிடைக்காமல் பண்ணைகள் சுருங்கின. 2023 இல் அரசாங்கம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தது. அந்த மாதங்களில் கடையில் முட்டை வாங்க இயலாத வீடுகளில், லயத்துக் கோடியில் மேய்ந்த நாலைந்து நாட்டுக்கோழிகளே பிள்ளைகளின் தட்டில் எதையாவது வைத்தன. அந்த நாலைந்தையும் ஒரு முரட்டுச் சேவலின் பொருட்டு இழப்பது நியாயமில்லை.

சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இதை நம்பாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உண்பதற்கு மட்டும் முட்டை வேண்டும், குஞ்சுகளைப் பண்ணையிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதியுள்ளவர், அதுவும் கண்டி நகருக்குள் நெருக்கமாகக் குடியிருப்பவர், சேவல் வைக்காமலே இருக்கலாம். மகியாவை போன்ற இடத்தில் சுவரோடு சுவராக வாழ்பவருக்கு அதுவே அயலவரோடு சமாதானமாக இருக்கும் வழி. ஆனால் தோட்டத்துக் குடும்பம் குஞ்சு வாங்குவதில்லை. தன் கோழியை அடை வைத்து, 21 நாளில் பொரித்த குஞ்சை வளர்த்துத்தான் மந்தையைப் புதுப்பிக்கிறது. சேவல் மிதிக்காத முட்டையை அடை வைத்தால் மிஞ்சுவது கூமுட்டை. மேலும் ஒரு பெட்டையின் குணம் அதன் குஞ்சுகளுக்கு மட்டுமே போகிறது. சேவலின் குணமோ அந்த வருடம் பொரிக்கும் எல்லாக் குஞ்சுகளுக்கும் போகிறது.

கலஹாவுக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் ஒரு தாயிடம் இது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவரது சேவல் கறுப்புச் சிவப்பு, நெடிய கால், ஒரு பெருவிரல் நீளத்துக்கு முள். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் அந்த வாசலைக் கடக்கும்போது கையில் ஒரு குச்சி எடுத்துக்கொள்வார்களாம். "இத ஏம்மா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏழு சேவக்குஞ்சு பாதர். தீவாளிக்கு ரெண்டு, கிறிஸ்மசுக்கு ரெண்டு, மருந்துச் செலவுக்கு வியாபாரிகிட்ட ரெண்டு. புடிக்க முடிஞ்சத எல்லாம் புடிச்சாச்சு. இது மட்டுந்தான் கையில சிக்கல."

நமது கோழி வளர்ப்பின் முழுக் குறையும் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. கைக்கு அடங்கும் சாதுவான சேவல், நன்றாகத் தின்று முதலில் எடை வைக்கும் சேவல், கூப்பிட்டால் வரும் சேவல் இவையெல்லாம் குழம்புக்கும் வியாபாரிக்கும் போய்விடுகின்றன. மரத்திலேறிப் படுப்பதும், கிட்டப் போனால் பாய்வதும், எவர் கைக்கும் அகப்படாததும் மிஞ்சி, அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிவிடுகின்றன. நாலைந்து வருடம் இப்படி நடந்தபின், "எங்க லயத்துச் சேவலுங்க எல்லாமே பொல்லாதது" என்று முறைப்பாடு சொல்கிறோம். அவற்றைப் பொல்லாதவையாகத் தெரிந்தெடுத்தவர்கள் நாமே. விதை நெல்லை இப்படி எவரும் எடுப்பதில்லை. நல்ல கதிரைத் தின்றுவிட்டுப் பதரை விதைக்கும் கமக்காரன் உண்டா?

கோழியின் குணம் பரம்பரையில் இறங்கும் என்பதற்கு ஆதாரமுண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மூயர் 1996 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே கூண்டில் பல பெட்டைகளை அலகு வெட்டாமல் வைத்தபோது, ஒன்றையொன்று கொத்தி ஆண்டுக்கு நூற்றுக்கு 68 வரை இறந்தன. அவர் தனித்தனியே அதிக முட்டையிட்ட கோழியைத் தெரிவுசெய்யவில்லை. எந்தக் கூண்டு முழுவதும் சமாதானமாக வாழ்ந்து முட்டையிட்டதோ, அந்தக் கூண்டின் குடும்பத்தையே அடுத்த தலைமுறைக்கு எடுத்தார். ஒரு சில தலைமுறைக்குள் இறப்பு 9 இற்கும் கீழே வந்துவிட்டது. பெட்டைகளில் காணப்பட்ட இது சேவல்களுக்கும் பொருந்தும் என்பதை அனுபவமுள்ள வளர்ப்பாளர் எவரும் சொல்வார்.

இந்த இடத்தில் அபிவிருத்திப் பணியாளர்களான எங்களுக்கும் ஒரு சொல். ஆசிய, ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் ஒரு காலத்தில் "சேவல் மாற்றுத் திட்டம்" என்று ஒன்று நடத்தப்பட்டது. ஊர்ச் சேவல்களை அகற்றி, லெகோன் போன்ற உயர்சாதிச் சேவல்களைக் கொடுத்தார்கள். பிறந்த பெட்டைகள் கூடுதலாக முட்டையிட்டதென்னவோ உண்மை. ஆனால் அவற்றுள் பல அடை கிடக்க மறந்தன. கூடவே காட்டோரத்தில் தானே இரை தேடித் தப்பும் சாமர்த்தியமும் குறைந்தது. குஞ்சு பொரிக்காத கோழியை வைத்து ஓர் ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? குண்டசாலைக்கு அருகே கரந்தகொல்லையில் அரசாங்கத்தின் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடமும் உள்ளன. நாட்டின் கோழி அறிவு பெரும்பாலும் நமது கைக்கெட்டும் தூரத்திலேயே குவிந்திருக்கிறது. அங்கே கேட்டறிவது நல்லது. ஆனால் சேவல் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. ஏழு குஞ்சில் ஒன்றைச் சரியாகத் தெரிந்தால் போதும்.

சரி, எதைத் தெரிவது?

சேவற்குஞ்சுகள் நான்கு மாதமளவில் தம் குணத்தைக் காட்டத் தொடங்கும். அந்த வயதிலிருந்து ஆறேழு மாதம்வரை நாளுக்குப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. இதற்கு வீட்டுப் பெண்களையும் பாட்டிமாரையும்விட நல்ல பரீட்சகர் இல்லை. ஆண்கள் பெரும்பாலும் கொண்டையையும் வாலையும் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். நல்ல சேவல் இரை கண்டால் தான் விழுங்குவதில்லை. அதைக் கொத்தி எடுத்து, போட்டு, மறுபடி எடுத்து, கொக் கொக் என்று மெல்லிய குரலில் பெட்டைகளை அழைக்கும். அவை வந்து தின்ற பிறகே தான் தின்னும். ஒரு கறையானைக் காட்டிலே போட்டுப் பாருங்கள், எது அழைக்கிறது, எது ஓடிவந்து பறிக்கிறது என்று தெரிந்துவிடும். பருந்து நிழல் தெரிந்தால் ஒரு விதமாகவும், கீரியோ நாயோ தரையில் வந்தால் வேறு விதமாகவும் ஒலியெழுப்பும். கோழிகளும் அந்த வேறுபாடு அறிந்து, முன்னையதற்குத் தேயிலைச் செடிக்குள் பதுங்கும், பின்னையதற்குத் தலை நிமிர்த்திச் சுற்றிப் பார்க்கும். மேயும்போது இடைக்கிடை தலை தூக்கி வானத்தைப் பார்க்கும் சேவலே நமக்கு வேண்டியது. பெட்டை முட்டையிட இடம் தேடினால் சில சேவல்கள் தாமே மூலையில் போய்க் குந்தி, இடம் காட்டுவதுண்டு. அப்படியொன்று கிடைத்தால் எந்த விலைக்கும் விற்க வேண்டாம்.

விலக்க வேண்டியதையும் அடையாளம் காணலாம். ஆள் திரும்பி நடந்ததும் பின்னால் வருவது, செருப்பைக் கொத்துவது, கழுத்து மயிரைச் சிலிர்த்துப் பக்கவாட்டில் நெருங்குவது, ஒரு செட்டையைத் தாழ்த்தி மனிதனைச் சுற்றி அரைவட்டம் போடுவது இவையெல்லாம் பாய்ச்சலுக்கு முன்னைய படிகள். பெட்டையைச் சுற்றி அந்த ஆட்டம் ஆடினால் அது காதல்; உங்களைச் சுற்றி ஆடினால் அது சண்டைக்கு அழைப்பு. இந்த அறிகுறியை ஐந்து மாதத்தில் காட்டும் குஞ்சை, எவ்வளவு அழகாயிருந்தாலும், முதலில் சட்டிக்கு அனுப்புங்கள். பண்டிகைக்கு எதைப் பிடிப்பது என்ற கேள்விக்கு அதுவே பதில். கையில் அகப்படாததைப் பிடிக்கவும் வழியுண்டு. இரவில் இருட்டியபின் கோழி பார்வையற்றதுபோல் அமர்ந்திருக்கும். வெளிச்சமில்லாமல் போய் இரு செட்டைகளையும் அணைத்துத் தூக்கினால் சத்தம்கூடப் போடாது.

ஆனால் பிறவிக் குணத்தை மட்டும் குறை சொல்வது சேவலுக்குச் செய்யும் அநீதி. பல சேவல்களை நாமே கெடுக்கிறோம். குஞ்சிலிருந்தே மடியில் வைத்து ஊட்டி வளர்த்த தனிச் சேவல்தான் பின்னர் அதிகம் பாய்கிறது என்பது பலரது அனுபவம். அதற்கு மனிதரிடம் பயமில்லை. பருவம் வந்ததும் நம்மை இன்னொரு சேவலாகவே எண்ணிப் போட்டியிடுகிறது. ஆகவே குஞ்சுகள் தாயோடும் மற்றக் குஞ்சுகளோடும் வளரட்டும். இன்னும் கேடானது, பையன்கள் சேவலுக்கு முன் காலை நீட்டியும் துணியை ஆட்டியும் "சண்டைக்கு வா" என்று விளையாடுவது. பெரியவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தப் பையன்கள் வளர்ந்து ஓடத் தெரிந்தவர்கள். பாடம் கற்ற சேவலோ, பிள்ளை மடுவத்திலிருந்து திரும்பிவரும் இரண்டு வயதுத் தங்கையின் மீது பாயும்.

சேவல் உருவத்தையும் அசைவையும் பார்த்தே மிரள்கிறது. இடுப்பில் படங்கு கட்டி, முதுகில் கூடை தொங்க, தலையில் துணி போர்த்து வரும் பெண்ணை அது வீட்டுக்காரியென அறியாமல் போகலாம். மழைக்கு விரித்த குடையும், சடாரெனத் தூக்கிய விளக்குமாறும் அப்படியே. பாய்ந்தால் ஓடக்கூடாது, உதைக்கவும் கூடாது. ஓடினால் வென்றதாக நினைக்கும், உதைத்தால் சண்டை ஏற்கப்பட்டதென நினைக்கும். கூடையையோ தடுக்கையோ முன்னே பிடித்து அசையாமல் நின்று, அது தளர்ந்து தரையைக் கொத்தத் தொடங்கியதும் மெதுவாக அதன் பக்கம் இரண்டடி வைக்க வேண்டும். விலகிப் போனால் விடயம் முடிந்தது. இளஞ்சேவலானால் சில நாட்களில் இது பலிக்கும். அல்லது இரவில் பிடித்து, காலையில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே பத்து நிமிடம் வேலை பார்த்துவிட்டு, அது அமைதியானதும் இறக்கி விடலாம். ஒரு வயது கடந்தும், இரண்டு மூன்று கிழமை இப்படிச் செய்தும் திருந்தாத சேவலிடம் பொறுமை காட்டுவதில் புண்ணியம் ஏதுமில்லை. முள்ளின் முனையை அரத்தால் தேய்த்து மழுக்கலாம். அடியோடு வெட்டக்கூடாது, உள்ளே எலும்பும் இரத்தமும் உண்டு.

தாய்மார் இதை மனத்திற்கொள்ள வேண்டும்: சிறு பிள்ளையின் கண்ணும் பாய்ந்தெழும் சேவலின் காலும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. காயம் பட்டால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, ஏற்பு ஊசி பற்றி வைத்தியசாலையில் கேட்க வேண்டும். கண்ணருகே பட்டிருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், அன்றே வைத்தியரிடம் போங்கள். முதியவர்களுக்கும் ஆபத்துண்டு. 2019 இல் வெளியான மருத்துவ அறிக்கையொன்றில், அவுஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப்போன வயோதிபப் பெண்ணொருவர், புடைத்திருந்த கால் நரம்பில் சேவல் கொத்தியதால் இரத்தம் பெருகி இறந்ததாகக் கூறப்பட்டது. மலையில் நின்றே உழைத்த நமது பெண்களுள் பலருக்குக் கால் நரம்பு புடைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

எண்ணிக்கையும் குணத்தை மாற்றும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்கு வெறும் கருவுக்காக மட்டுமல்ல. மூன்று பெட்டைக்கு இரண்டு சேவல் நின்றால் பெட்டைகளின் முதுகு வெறுமையாகி, தோல் கிழிந்து, புண்ணில் ஈ மொய்க்கும். அத்தகைய பெட்டையைக் காயம் கழுவி ஆறும்வரை தனியே வைக்கவேண்டும். (பேனாலும் இறகு உதிரும், செட்டைக்கடியிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.) நோர்வே நாட்டவரான ஷெல்டெருப்-எப்பெ 1920களின் தொடக்கத்திலேயே, கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை எழுதி வைத்தார். அந்த வரிசை நிலைத்திருந்தால் சண்டை குறைவு. அடிக்கடி கோழிகளை மாற்றினால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். லயத்தில் இதுவே பெரும் சிக்கல். பத்துக் காம்பராவுக்குப் பத்துச் சேவல், எல்லாவற்றுக்கும் மேய்ச்சல் ஒரே கோடி. காலையில் சேவல்கள் சண்டையிடுகின்றன, மாலையில் உரிமையாளர்கள். ஒரு லயத்தில் மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு நல்ல சேவலை வைத்துக்கொண்டு, அதற்குரிய தீனியை முறைபோட்டுக் கொடுத்தால் செலவும் குறையும், பொலிஸ் நிலையத்துக்குப் போகும் வழக்கும் குறையும். மூன்று வீட்டாரையும் இணங்க வைப்பது சேவலை அடக்குவதைவிடக் கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாதர் சங்கக் கூட்டத்தில் பேசக்கூடிய விடயம் இது.

கூவலுக்கு மருந்தில்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் 2013 இல் காட்டியபடி, சேவலின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சம் வருமுன்னரே அது விடியலை அறியும். கூட்டத்தில் உயர்ந்த இடத்திலுள்ள சேவல் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி தொடரும் என்று 2015 இல் அவர்களே கண்டறிந்தார்கள். பெரட்டுக்குத் தப்படித்து எழுப்பிய காலத்தில் இது தொல்லையாகத் தெரியவில்லை. இன்று இரவு வேலை முடித்து வந்து உறங்கும் பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. கூட்டை ஒளி புகாதபடி மூடி, கூரையைத் தாழ்த்தினால் கழுத்தை நிமிர்த்த இடமின்றிச் சிறிது குறைவாகக் கூவும். காற்றோட்டத்தை மட்டும் அடைத்துவிடக் கூடாது. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இராயப்பரை அழவைத்த குரலை நாம் அடக்கிவிட முடியுமா என்ன?

இனி நேர்த்திச் சேவல். முனியாண்டிக்கோ ரோதமுனிக்கோ நேர்ந்துவிட்ட சேவலை விற்கவும் மாட்டார்கள், அடிக்கவும் மாட்டார்கள். திருவிழாவரை, சிலவேளை வருடக்கணக்கில், அது ராஜாவாகத் திரியும். நமது மக்களுள்ளும் அந்தோனியாருக்கு நேர்ந்து கோழி விடுகிறவர்கள் உண்டு, ஆகவே பிறரைப் பார்த்து நாம் புன்னகைக்க வேண்டியதில்லை. நேர்த்தியை மதிப்போம். ஆனால் நேர்ந்துவிட்டது சேவலைத்தானே தவிர, அதன் சந்ததியை அல்ல. முரடாயிருந்தால் பெட்டைகளிலிருந்து பிரித்து, கம்பி வலையால் ஒரு தனி இடம் அடைத்து வைக்கும்படி கேட்கலாம். பூசாரியிடம் பக்குவமாகப் பேசிய இடங்களில் இதற்கு எவரும் மறுப்புச் சொல்லவில்லை.

தெரிந்த சேவலையும் ஒரே மந்தையில் நெடுங்காலம் வைத்திருக்க முடியாது. தன் மகள்களையே மிதிக்கத் தொடங்கினால் குஞ்சுகள் நலியும். ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேறு தோட்டத்தில் அல்லது அடுத்த சிங்களக் கிராமத்தில் நல்ல சேவல் வைத்திருப்பவரோடு மாற்றிக்கொள்வது சிறந்தது. பணம் தேவையில்லை. தெல்தோட்டைப் பக்கத்தில் இவ்வாறு கைமாறிய சேவலொன்றின் பொருட்டு, முன்னர் பேசிக்கொள்ளாத இரு ஊரவர் ஒருவரது வீட்டுக்கு ஒருவர் போய்வருகிறார்கள். வந்த சேவலை உடனே மந்தைக்குள் விடாமல் இரண்டு மூன்று கிழமை தள்ளிக் கட்டிவைத்து, வெள்ளைக் கழிச்சலோ மூக்கொழுகலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இராணிக்கெட் நோய் ஒரு கிழமையில் முழு லயத்தையும் வெறுமையாக்கும். தடுப்பு மருந்து பற்றி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பின்பு ஒரு மாலையில், கோழிகள் கூடடைந்தபின், புதிய சேவலைக் கூட்டுக்குள் விடவேண்டும். பழைய சேவல் போனாலும் அதன் விந்து பெட்டையின் வயிற்றில் இரண்டு, சிலவேளை மூன்று கிழமைவரை தங்கியிருக்கும். ஆதலால் புதிய சேவல் வந்து மூன்று கிழமை கழிந்தபின் இடும் முட்டைகளையே அடை வைக்கவேண்டும். அதுவரை இடுபவற்றைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்கலாம்.